அரையிஞ்ச் அக்கா போட்ட வழக்கு

எங்கள் தையல் யூனிட்டில் கட்டிங் மாஸ்டராக ஒரு பெண் இருப்பதைப் பார்த்தால் வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அந்த மேஜைக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் சிரிப்பு தானாக அடங்கிவிடும். எண்பது அடுக்குத் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, மின்சாரக் கத்தியை ஒரே இழுப்பில் வளைத்துக் கொண்டுபோவார் அக்கா. மேல் அடுக்குச் சட்டைக் கழுத்தும் கீழ் அடுக்குச் சட்டைக் கழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நான் இஸ்திரிப் பகுதியில் அயர்ன் மாஸ்டர். என் மேஜைக்கும் அவர் மேஜைக்கும் நடுவில் ஒரு தூண்தான். அங்கிருந்தபடியே, "தம்பி, அந்தப் பாக்கெட் அரையிஞ்ச் இறங்கியிருக்கு, அதைத் தேய்க்காதே, திருப்பி அனுப்பு" என்பார். அளந்து பார்த்தால் அரையிஞ்ச்தான் இருக்கும். அப்படித்தான் அரையிஞ்ச் அக்கா என்று பேர் வந்தது. முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அவர் காதுபடக் கூப்பிட மாட்டார்.

பேச்சும் அப்படித்தான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளின் சத்தத்தில் இருப்பதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்காவின் நாத்தனார் பேசுவார். ஒரே மாடிப்படி, மேல்வீடு கீழ்வீடு. அக்காவுக்கு ஒரு மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

கட்டிங் பகுதிக்கு மேலே ஒரு இரும்புப் பரண் இருந்தது. துணி உருளைகளை அதில் ஏற்றி வைப்பார்கள். பெரிய ஆர்டர் வந்த வருஷம் அது தாங்கக்கூடியதைவிட அதிகமாக ஏற்றிவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதே முக்கால் இருக்கும், அந்தப் பரண் அப்படியே கீழே வந்துவிட்டது. முதலில் ஒரு முறுக்கல் சத்தம், பிறகு புழுதி. புழுதி கொஞ்சம் அடங்கியபோது கட்டிங் மேஜை இருந்த இடத்தில் உருளைகளும் கம்பிகளும் மலையாகக் கிடந்தன. இன்னும் நாலு பேருக்கு அடி. அக்கா மட்டும் அடியில்.

நான்தான் முதலில் ஓடினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவன் நான்தான். அக்காவின் முகமும் இடது கையும் வெளியே தெரிந்தன. வலது கை ஒரு உத்திரத்துக்கு அடியில். ரத்தம் போய்க்கொண்டிருந்தது. சரக்கு வண்டியில் இருந்த ஜாக்கியை எடுத்து வந்து உத்திரத்துக்குக் கொடுத்து ஏற்றினேன். எங்கே கொடுக்க வேண்டும் என்று எனக்கு என்ன தெரியும்? நாலு விரல்கடை ஏறியதும் ஜாக்கி சறுக்கிவிட்டது. உத்திரத்தின் மறுமுனை அவர் காலில் இறங்கியது. இரண்டு கால்விரல் நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா கத்தவில்லை. "தம்பி, நீ போதும், தள்ளி நில்லு" என்றார்.

தீயணைப்பு வண்டி பத்து மணிக்கு வந்தது. நிலைய அதிகாரி ஐம்பது வயதைத் தொடும் ஆள், அகலமான தோள். மீதி இருந்த பாதிப் பரண் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. வேறு யாரையும் உள்ளே விடாமல் அவர் மட்டும் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார். அந்தக் காட்சியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மேலே கம்பி முனகுகிறது, அவர் பாட்டுக்கு அக்காவிடம் மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே, அவர் சேலைமேல் போட்டிருந்த யூனிட் கோட்டின் கையைக் கத்தரிக்கிறார். முழங்கைக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டையைச் சுற்றி, ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கினார். "கொஞ்சம் வலிக்கும்மா" என்றார். ரத்தம் நின்றது. அதே நேரம் எங்கள் டீ மணி அடித்தது. தானியங்கி மணி அது, பத்தேகாலுக்கு யார் செத்தாலும் அடிக்கும்.

பிறகு உத்திரத்தை முறையாகத் தூக்கிக் கையை விடுவித்ததும், அந்தப் பட்டைக்கு மேலேயே தோளிலிருந்து விரல் வரைக்கும் வெள்ளைத் துணியால் கனமாகக் கட்டினார், கம்பி முனை குத்தாமல் இருக்க. அக்காவை வெளியே கொண்டுவரப் பதினொன்றரை ஆகிவிட்டது. அதிகாரி அவரைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். யாரோ படம் எடுத்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அந்தப் படம்தான். அந்த வருஷமே அவருக்குப் பதக்கமும் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தலைக்காயத்தையும் விலா எலும்பையும்தான் முதலில் பார்த்தார்கள். கைக்கட்டு பளிச்சென்று சுத்தமாக இருந்தது, ரத்தம் கசியவில்லை. யாரோ ஒரு டாக்டர் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பாராட்டினாராம். கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று அக்கா இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். உத்திரம் அழுத்திய மரமரப்பு என்று விட்டுவிட்டார்கள். மாலை நாலே முக்காலுக்கு ஒரு நர்ஸ் கட்டைப் பிரித்தபோதுதான் உள்ளே இருந்த பட்டை தெரிந்தது. அப்படி ஒரு பட்டையைப் போட்டால் எத்தனை மணிக்குப் போட்டோம் என்று எழுத வேண்டும். அடுத்து வாங்கிக்கொள்கிறவரிடம் வாயாலும் சொல்ல வேண்டும். கைக்கு ரத்தமே போகாது, இரண்டு மணி நேரம் தாண்டினாலே ஆபத்து. இது ஆறரை மணி நேரம். மறுநாள் காலையில் முழங்கைக்கு மேலேயே கையை எடுத்துவிட்டார்கள்.

மாமாதான் அக்காவிடம் சொன்னார். அதிகம் பேசாத மனுஷனுக்கு அன்றைக்கு என்று பார்த்து இந்தச் செய்தியைச் சொல்லும் வேலை. மகள் பரீட்சை எழுதினாளா என்று மட்டும் அக்கா கேட்டாராம்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா அழுதுகொண்டு கிடக்கவில்லை. இடது கையால் எழுதிப் பழகினார், இடது கையால் காய் நறுக்கினார். மகளின் பழைய இரண்டு கோடு போட்ட நோட்டை எடுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுவார் என்று நாத்தனார் சொன்னார். அப்படி எழுதியது கதையோ டைரியோ இல்லை. அன்றைய நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் என்ன நடந்தது என்பதை எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் கேட்டார். ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார். பட்டை இருப்பது அந்த டிரைவருக்கும் தெரிந்திருக்கவில்லை. துணியில் ஓட்டை விழுந்தால் எந்த அடுக்கில் ஆரம்பித்தது என்று பார்ப்பவர் அல்லவா, இதையும் அப்படியே பார்த்தார்.

பரண் விழுந்ததற்கு முதலாளி பொறுப்பேற்றார். ஆஸ்பத்திரியும் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டுத் தன் தவறை எழுத்தில் ஒத்துக்கொண்டது. மீதி இருந்தது தீயணைப்பு நிலையம். மாமாவை அழைத்துக்கொண்டு அக்கா நேரே அங்கே போனார்.

அதிகாரி ஓடிவந்து வரவேற்று, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். அக்கா முதலில் நன்றி சொன்னார். மனதாரச் சொன்னதாகத்தான் மாமா சொன்னார். பிறகு, பட்டை போட்ட நேரத்தை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அந்தக் களேபரத்தில் என்னவெல்லாம் நினைவில் வைப்பது என்றார். டீயை அக்கா பக்கம் நகர்த்தி, "உயிரோட இருக்கீங்களே, அதைப் பாருங்கம்மா" என்றார்.

"பாக்கறேன் சார். தினமும் காலையில எழுந்ததும் பாக்கறேன். ஆனா நான் கேட்டது அது இல்லையே."

தீயணைப்புத் துறைக்கு விசாரணை கேட்டு அக்கா ஒரு கடிதம் எழுதினார். மீட்புப் பணியில் நல்லெண்ணத்தோடு செய்த எதையும் கேள்வி கேட்க முடியாது என்று நாலு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அதிகாரியையும் துறையையும் சேர்த்து வழக்கு.

செய்தி வெளியே வந்ததும் அக்காவின் பேர் கெட்டுவிட்டது. உயிரைக் காப்பாற்றியவர் மேலேயே வழக்குப் போட்டவள். வாசலில் நின்று பேசுகிறவர்கள் அவர் வந்தால் கலைந்தார்கள். மருந்துக்கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, நாளைக்கு உன் வீடு எரிந்தால் யார் வருவார்கள் பார் என்றாளாம். நாத்தனார் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு வாரம் சண்டை போட்டார். அந்த அதிகாரி இல்லையென்றால் தன் தம்பி இன்றைக்குப் பெண்டாட்டி இல்லாதவனாக நிற்பான், அந்த மனுஷன் காலில் விழ வேண்டியவள் கோர்ட்டுக்கு இழுக்கிறாளே என்பது அவர் கட்சி. மாமா அக்காவின் பக்கம். ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார். தினமும் சாயங்காலம் வக்கீல் அலுவலகத்து வாசலில் காலி பஸ்ஸை நிறுத்திவிட்டு அக்காவுக்காகக் காத்திருப்பார், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒளிந்துகொண்டேன். அதிகாரிக்கே நோட்டீஸ் என்றால் கால்விரலை உடைத்த எனக்கு? அந்தப் பக்கமே போகாதே என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மூன்று மாதம் அக்கா வீட்டுத் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியாக வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் அக்காவே யூனிட்டுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார். வலது கோட்டுக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார். என் கை தானாக இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது.

"மூணு மாசமா எங்கப்பா போயிட்ட?"

கோவிலில் பிடிபட்ட செருப்புத் திருடன் மாதிரி நின்றேன். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன், விரல் விஷயமாக என்மேலும் வழக்கு வருமோ என்று பயம் என்று. அக்கா சிரித்த சிரிப்பில் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்றன.

"உன்மேல எதுக்குப்பா கேஸ்? நீ அயர்ன் பண்றவன். உனக்குத் தெரிஞ்சதை முழுசா செஞ்ச. தெரியாம ஒரு விரல் போச்சு, ரெண்டு விரல் போச்சு, போகட்டும். ரோட்ல போற யாரோ ஒருத்தர் என்னைத் தூக்கறப்ப கையை ஒடிச்சிருந்தாக்கூட நன்றின்னுதான் சொல்லியிருப்பேன். அவர் அப்படி இல்லப்பா. இதுக்குன்னே படிச்சவர், இதுக்குன்னே சம்பளம் வாங்கறவர். அவருக்குத் தெரிஞ்சதுல ஒண்ணை விட்டுட்டார். ஏன் விட்டார்னு நான் கேக்கக் கூடாதா?"

அவர் உயிரைக் கொடுத்து உள்ளே வந்தாரே அக்கா என்றேன்.

"வந்தார். அதுக்கு என் உயிர் இருக்கற வரைக்கும் நன்றி. நன்றி ஒரு துணி, கேள்வி ஒரு துணி. ரெண்டையும் ஏன் சேர்த்துத் தைக்கிறீங்க?"

சாட்சி சொல்ல வருவாயா என்று கேட்டார். பட்டையை முறுக்கும்போது டீ மணி அடித்ததை நினைவில் வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தான். வருகிறேன் என்றேன். அன்று மாலை சுற்றுவழியில் போகவில்லை.

வழக்கு ஒன்றேகால் வருஷம் நடந்தது. துறையின் வக்கீல் நல்ல பேச்சுக்காரர். ஆற்றில் மூழ்கியவனை இழுத்துப் போட்டால், சட்டை கிழிந்துவிட்டது என்று வழக்குப் போடுவானா என்று கேட்டார், கோர்ட்டே சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வழக்கு ஜெயித்தால் நாளை ஒவ்வொரு வீரனும் எரிகிற வீட்டு வாசலில் ஒரு நொடி தயங்குவான், அந்த ஒரு நொடியில் ஒரு உயிர் போகும் என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சுரீரென்றது. அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தலையை லேசாக ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார், தையல்காரி சொல்லும் குறையைக் கேட்பது மாதிரி.

என் சாட்சி கால் மணி நேரம். பட்டை முறுக்கியபோது மணி அடித்தது என்றேன். மணி தப்பாக அடித்திருக்கலாம் அல்லவா என்று எதிர்த் தரப்பு கேட்டது. எங்கள் முதலாளி வேறு எதில் தப்பு விட்டாலும் டீக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகக் கொடுக்க மாட்டார் என்று சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்து அதிகாரி. சீருடையில் வந்திருந்தார், பதக்கம் குத்தவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நேரத்தை வாயால் சொன்னேன் என்று அவர் சொல்லப்போவதாகத்தான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். துறை எழுதிக் கொடுத்த பதிலும் அதுதான் என்பது பிறகு தெரிந்தது. அக்காவின் வக்கீல் எழுந்து, நேரத்தை யாரிடம் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அதிகாரி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லல. மறந்துட்டேன்."

துறை வக்கீல் எழுந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். கேட்காமலே மீதியையும் சொன்னார். அந்தப் பட்டையைப் பற்றிப் பாடம் எடுத்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பயிற்சி இல்லை. பெட்டியில் நேரம் எழுதும் அட்டை இருக்க வேண்டும், தீர்ந்துபோய் நாலு வருஷம். கேட்டு எழுதிய கடிதங்களின் நகல் தன்னிடம் இருக்கிறது. அட்டை இல்லையென்றாலும் சுற்றிலும் துணியில் கோடு போடும் சாக்பீஸ் சிதறிக் கிடந்தது, அதில் ஒன்றை எடுத்துக் கட்டின்மேல் எழுதியிருக்கலாம், தோன்றவில்லை. இதையெல்லாம் அவர் ஒரே குரலில், அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். கடைசியில் மட்டும் அக்காவைப் பார்த்தார்.

"உள்ள நுழையறப்ப வீட்டு ஞாபகம்கூட வரக்கூடாதும்மா. அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்காங்க. இனிமே வக்கீல் ஞாபகம் வருமோன்னு எனக்குப் பயமா இருக்கு. அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

அக்கா எழுந்துவிட்டார். நீதிபதி உட்காரச் சொல்லவில்லை.

"வக்கீல் ஞாபகம் வர வேண்டாம் சார். நேரம் ஞாபகம் வந்தாப் போதும்."

தீர்ப்பு வந்த நாளில் நாத்தனாரும் கோர்ட்டுக்கு வந்திருந்தார், சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு. வழியில் போகிறவர் நல்ல மனதோடு உதவினால், அதில் பிசகு நேர்ந்தாலும் அவர்மேல் யாரும் வழக்குத் தொடர முடியாது என்று நீதிபதி முதலில் சொன்னார். என் மூச்சு சீராக வந்தது அப்போதுதான். அதிகாரியின் வீட்டையோ சம்பளத்தையோ யாரும் தொட முடியாது, அவர் தன் உயிரைப் பணயம் வைத்தவர் என்றார். ஆனால் அவரை அனுப்பிய துறை, அவருக்குப் பயிற்சியும் பொருளும் கொடுக்காமல் அனுப்பியதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நல்லெண்ணம் அவருடையது, அலட்சியம் துறையுடையது, ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு இழப்பீடும், எல்லா நிலையங்களிலும் வருஷா வருஷம் பயிற்சியும் உத்தரவாயின. துறை மேல்முறையீடு போட்டு, ஆறு மாதத்தில் தானே திரும்ப எடுத்துக்கொண்டது.

வீட்டு வாசலில் வீரர்கள் தயங்குவார்கள் என்ற பேச்சு என்ன ஆயிற்று என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். அடுத்த கோடையில் எங்களுக்கு மூன்று கட்டிடம் தள்ளி ஒரு பெயிண்ட் கிடங்கு எரிந்தது. ஏழு நிமிஷத்தில் வந்தார்கள். அதே அதிகாரிதான் முதலில் உள்ளே போனார், அதே அகலத் தோளோடு.

அக்கா யூனிட்டுக்குத் திரும்பிவிட்டார். கத்தி பிடிக்க முடியாது. துணியில் எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலை இப்போது அவருடையது. இடது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு, முன்பைவிட மீட்டருக்கு மீட்டர் துணி மிச்சம் பிடிக்கிறார். புதிய கட்டிங் மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டினாலும், அக்காவின் கண்ணாடி அறைக்குள்ளிருந்து குறை வந்துவிடும். அக்காவின் நாத்தனார் இப்போது தெருவில் யாராவது பழைய பேச்சை எடுத்தால், தீர்ப்பின் மூன்றாம் பக்கத்தை ஒப்பிக்கிறார்.

போன மாதம் தொழிற்சாலைக்காரர்களுக்கு என்று தீயணைப்பு நிலையத்தில் ஒரு முதலுதவி வகுப்பு வைத்தார்கள். எங்கள் யூனிட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போனோம். பாடம் எடுத்தது அந்த அதிகாரியேதான். அக்கா முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதிகாரி பட்டையைக் காட்டினார், முறுக்கிக் காட்டினார், நேரத்தை எங்கே எழுதுவது, யாரிடம் சொல்வது என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது என்று பேர் சொல்லாமல் எங்கள் கதையையும் சொன்னார், தான் மறந்ததையும் சேர்த்து. வேறு சந்தேகம் உண்டா என்று கேட்டபோது அக்கா இடது கையைத் தூக்கினார்.

"சார், அன்னைக்கு அந்தப் பொண்ணு மயக்கத்துல இல்ல. நல்லாப் பேசிக்கிட்டுதான் இருந்தா. அவகிட்டயே, 'கைல ஒரு பட்டை போட்டிருக்கேன், பத்தேகாலுக்குப் போட்டது, போற இடத்துல சொல்லிடு'ன்னு சொல்லியிருந்தா அவளே சொல்லியிருப்பா. காப்பாத்தப்படறவங்ககிட்டயும் சொல்லணும்னு இவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

அதிகாரி பலகையில் இருந்த பட்டியலின் கீழே அதையும் ஒரு வரியாக எழுதி, எங்களையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பட்டை கட்டிப் பழகினோம். எனக்கு ஜோடி அக்கா. அவர் இடது கையில் நான் கட்டியது தொளதொளவென்று இருப்பதாகச் சொல்லி மூன்று தடவை அவிழ்த்துக் கட்ட வைத்தார்.